இன்வெர்ட்டர் மோட்டாரின் கோர் இழப்பு: ஸ்டெய்ன்மெட்ஸ் சூத்திரம் போதுமா?

சுருள்வில்: இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டார். தகடு 0.5 மி.மீ. சிலிக்கான் எஃகு. கையில் இருப்பது சைன் அலைக்கான இழப்பு வளைவுகள் மட்டும். பாய அடர்த்தியின் (ஒரு பரப்பில் காந்தப் பாயம் எவ்வளவு நெருக்கம் என்பதன்) உச்ச மதிப்பை ஓர் அடுக்குக்கு உயர்த்தி இழப்பைச் சொல்லும் ஸ்டெய்ன்மெட்ஸ் சூத்திரத்தை வைத்தே கோர் இழப்பை, அதாவது இரும்பில் வெப்பமாக வீணாவதை, கணக்கிடலாமா?

கணக்கன்: தாராளமாக. ஆனால் 1892-இல் அவர் சொன்ன 1.6 அடுக்கை அப்படியே எடுக்காதீர்கள், அது அன்றைய இரும்புக்கு. உங்கள் வளைவுக்குப் பொருந்தும் அடுக்கைக் கண்டுபிடித்து, மாறும் பாயம் தகட்டுக்குள்ளேயே தூண்டும் சுழல் மின்னோட்டத்தின் இழப்பைத் தனியாகக் கூட்டுங்கள். டிசைனுக்கு அது போதும்.

நுண்காந்தி: இன்வெர்ட்டர் என்றாரே, கவனிக்கவில்லையா? ஸ்விட்சிங்கால் பாய அடர்த்தி நடுவிலேயே திரும்பித் திரும்பி ஏறும். காந்தப்புலத்துக்குப் பாய அடர்த்தி பின்தங்குவதால் வரும் பெரிய தயக்கக் கண்ணிக்குள் குட்டிக் கண்ணிகள் விழும். உச்ச மதிப்பை மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு அவை தெரியவே தெரியாது. பிரைசாக் என்ற தயக்க மாடல் எங்கெங்கே திரும்பியது என்பதை நினைவில் வைத்திருக்கும்.

கணக்கன்: பிரைசாக்குக்கு வேண்டிய திரும்பு வளைவுகளை (புலத்தை நடுவில் திருப்பி அளப்பவை) யார் அளந்து தருவது? இன்னொரு தயக்க மாடலான ஜைல்ஸ்–ஆதர்டன் என்றால் ஐந்தே அளவுருக்கள்தான், ஆனால் அதன் மூல வடிவில் குட்டிக் கண்ணி ஒழுங்காக மூடுவதே இல்லை.

பாயம்: இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பாய அடர்த்தியை மாற்றாமல், இழப்பை அதிர்வெண்ணால் வகுத்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்து பாருங்கள். தயக்கமும் சுழல் மின்னோட்டமும் மட்டும் என்றால் நேர்கோடு வர வேண்டும். குறைந்த அதிர்வெண்ணில் அது வளைந்து கீழே இறங்கும். இயற்பியலாளர் பெர்டோட்டி 1988-இல் சேர்த்த மிகை இழப்பு (அந்த இரண்டுக்கும் மேலான மூன்றாவது பங்கு) அதுதான், அதிர்வெண்ணின் 1.5 அடுக்கில் ஏறுவது. அதை விட்டுவிட்டு நேர்கோடு போட்டால் தயக்க இழப்பு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கணக்கன்: சரி, மூன்றாவது உறுப்பைச் சேர்த்துக்கொள்ளட்டும். சூத்திரம்தானே இன்னும்!

நுண்காந்தி: ஸ்விட்சிங் 10 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சார்பு உட்புகுதிறன் 1000, மின்தடை எண் 0.5 மைக்ரோ ஓம் மீட்டர் என்றால் ஊடுருவு ஆழம், அதாவது பாயம் பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் தூரம், சுமார் 0.11 மி.மீ. தகடோ 0.5. பாயம் தகட்டின் நடுவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. தடிமனின் வர்க்கத்தோடு ஏறும் உங்கள் சூத்திரம் அந்த அதிர்வெண்ணில் இழப்பை அதிகமாகவே சொல்லும்.

கணக்கன்: அப்போது தகட்டின் குறுக்கே பாயம் உள்ளே எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் ஒரு பரிமாண விரவல் சமன்பாட்டைத் தீர்த்துவிடலாம். அதற்கு பிரைசாக் எதற்கு?

நுண்காந்தி: அந்தச் சமன்பாட்டுக்குள் காந்தப்புலத்துக்கும் பாய அடர்த்திக்கும் உள்ள உறவாக எதைப் போடுவீர்கள்? அங்கேயே தயக்க மாடல் வந்துவிட்டதே.

கணக்கன்: கண்ணி இல்லாத சாதாரண ஒற்றை வளைவு. தயக்க இழப்பைக் கடைசியில் கூட்டிக்கொள்வேன்.

சுருள்வில்: முதலில் பாயம் சொன்ன வரைபடத்தைப் போட்டுவிட்டு வருகிறேன்.