சென்ட்ஓஎஸ் 6-இல் பில்ட் ஆகும் நிரல் பழைய லிப்எஸ்டிடிசி++-ஐயே (சி++ ரன்டைம் நூலகம்) பிடிக்கிறது – உதவி தேவை

சென்ட்ஓஎஸ் 6.10, 64-பிட், ஜிலிப்சி (சி நூலகம்) 2.12. ஓஎஸ்ஸை மாற்ற வழியில்லை. இதில் இணைத்திருக்கும் கருவியின் டிரைவர் புதிய கெர்னலில் ஏறாது. ஓஎஸ்ஸோடு வந்த ஜிசிசி கம்பைலர் 4.4.7-க்கு சி++17 தெரியாது. ஜிசிசி 11-ஐ பில்ட் செய்யவே சி++11 கம்பைலர் வேண்டும் என்பதால், 4.4.7-ஐ வைத்து 9.5-ஐ /ஆப்ட் கீழ் தனியாக நிறுவியிருக்கிறேன்.

கம்பைல், லிங்க் இரண்டும் சுத்தமாக முடிகின்றன. இயக்கினால் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.20 நாட் ஃபவுண்ட்' (அது லிப்எஸ்டிடிசி++-இன் பதிப்புக் குறி). எந்த நூலகம் ஏறும் என்று சொல்லும் எல்டிடி காட்டுவது /யுஎஸ்ஆர்/லிப்64-இல் உள்ள பழைய கோப்பை, அது 3.4.13-ஓடு நின்றுவிடுகிறது.

நூலகம் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியைக் கொடுத்தால் டெர்மினலில் ஓடுகிறது, நேரம் வைத்து இயக்கும் கிரானில் விழுகிறது. லிங்க் விருப்பங்களுக்கான எல்டிஃபிளாக்ஸில் ஆர்பாத் (நிரலுக்குள்ளேயே பதியும் நூலகப் பாதை) வைத்தால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உள்ளவற்றுக்குச் சரி. கையால் எழுதிய மேக்ஃபைல்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. லிப்எஸ்டிடிசி++, லிப்ஜிசிசி இரண்டையும் ஸ்டாட்டிக்காகச் சேர்த்தும் பார்த்தேன். நிரல் எழுகிறது, ஆனால் பிளக்இன் எறியும் எக்ஸெப்ஷனைப் பிடிக்காமல் அபார்ட் ஆகிறது. ஆளுக்கொரு ரன்டைம் நகல் இருந்தால் அப்படித்தான் ஆகும். பிளக்இன் உள்ள எதற்கும் இந்த வழி உதவாது.

மிச்சம் இருப்பது ஜிசிசியின் ஸ்பெக்ஸ் கோப்பு (லிங்கருக்கு என்ன விருப்பங்கள் போக வேண்டும் என்பது போன்றவற்றைச் சொல்வது). எல்லா லிங்கிலும் ஆர்பாத் தானாகச் சேர, -எம்32 (32-பிட்) பில்டுக்கு லிப், மற்றதற்கு லிப்64 என்று பிரியும்படி, அதில் எந்தப் பகுதியில் என்ன வரி எழுத வேண்டும்?