தெர்மோஸ்டாட் மாற்றிய பின் ஹீட்டிங் ஓடுகிறது, ஏசியின் வெளி யூனிட் மட்டும் கிளம்பவில்லை

டொராண்டோ வீடு. கேஸ் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்), தனி ஏசி. பழைய தெர்மோஸ்டாட்டில் ஆர் (மின்சாரம்), டபிள்யூ (ஹீட்டிங்), ஒய் (கூலிங்), ஜி (ஃபேன்) என 4 வயர்தான். வைஃபை மாடலுக்கு சி (காமன், மின்சாரம் திரும்பும் வயர்) தேவை என்பதால், சுவருக்குள் சும்மா சுருண்டு கிடந்த நீல வயரை பிரேக்கரை அணைத்துவிட்டு இரு முனையிலும் சி-யில் மாட்டியாயிற்று. ஹீட்டிங், ஃபேன் இரண்டும் சரி.

கூலிங் போட்டால் ஃபர்னஸ் போர்டில் ஒய்–சி இடையே 26 வோல்ட் மாறுமின்னழுத்தம் வருகிறது. ஆகவே தெர்மோஸ்டாட் மேல் பழி இல்லை. 3 ஆம்ப் ஃபியூஸும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெளி யூனிட்டின் கான்டாக்டர் (கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) காயிலில் 0 வோல்ட். வயரைக் கழற்றி அளந்தால் காயில் 14 ஓம் காட்டுகிறது, அதாவது காயில் அறுந்துபோகவில்லை.

முதலில் சந்தேகித்தது சி திருகைத்தான். வெளி யூனிட்டின் வயரும் அதே திருகில்தான் இருக்கிறது. நீல வயரைச் செருகும்போது அது நழுவிவிடுவது சகஜம். இழுத்துப் பார்த்தாயிற்று, இறுக்கமாகவே இருக்கிறது.

மிச்சம் இரண்டே: வெளியே போகும் இரு வயரில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது ஒய் வரிசையில் உள்ள பிரஷர் சுவிட்ச் (ரெஃப்ரிஜரன்ட் அழுத்தம் தவறினால் சர்க்யூட்டை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) திறந்திருக்கலாம். சுவிட்சை பைபாஸ் செய்து கம்ப்ரசரை ஓட்ட விருப்பமில்லை. பிரஷர் கேஜ் இல்லாமல், மல்டிமீட்டரை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய எந்த முனைகளில் அளக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.