பர்தெகானிச் சீலையில் கதை எந்த மூலையில் தொடங்குகிறது?

ஓரக்கண்:
படச்சீலையைக் காட்டிக் கதை சொல்லும் ஈரானியப் பர்தெகானிக் கலையின் சீலை ஒன்றின் பெரிய படம் கிடைத்தது. கர்பலா கதையை (நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட போர்) அதில் வரிசையாகப் பிடிக்கப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நடுவில் குதிரைமேல் ஒருவர் எதிரியை இரண்டாகப் பிளக்கிறார். சுற்றிலும் பொடிப்பொடியாக முப்பது நாற்பது காட்சிகள், ஒரே ஆள் நாலு இடத்தில். வலமிருந்து இடமா, மேலிருந்து கீழா? இத்தனையையும் ஒரே அமர்வில் எப்படிச் சொல்லி முடிப்பார்கள்?

சாயக்கிண்ணம்:
இரண்டும் இல்லை. வரிசை சீலையில் கிடையாது, சொல்பவர் வாயில்தான் இருக்கிறது. அவரைப் பர்தெகான் அல்லது பர்தெதார் என்பார்கள் (பர்தெ என்பது நமக்குத் தெரிந்த பர்தாதான், திரை).

நடுவில் இருப்பவர் அநேகமாக ஹுசைனின் தம்பி ஹஸ்ரத் அப்பாஸ். பிளக்கப்படுபவன் மாரித் இப்னு ஸுதைஃப். உருவம் பெரிதாக இருப்பது அருகில் நிற்பதால் அல்ல, அந்தஸ்தால். மற்றவர்களுக்கு முகத்தருகே நஸ்தாலிக் என்ற பாரசீக எழுத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். அழிந்திருந்தால் கையில் உள்ள பொருளைப் பிடியுங்கள். தோல் தண்ணீர்ப்பையும் வெட்டுண்ட கைகளும் என்றால் அப்பாஸ். ஏந்திய குழந்தையின் கழுத்தில் அம்பு என்றால் ஹுசைனின் மகன் அலீ அஸ்கர், வில்லோடு இருப்பவன் அவனைக் கொன்ற ஹர்மலா. கூடாரத்துக்குள் மணப்பெண் இருந்தால் அது ஹுசைனின் அண்ணன் மகன் காஸிமின் கல்யாணம். அரியணை முன் தாம்பாளத்தில் ஒரு தலை, பக்கத்தில் ஐரோப்பியத் தொப்பிக்காரர் என்றால் டமாஸ்கஸில் கலீஃபா யஸீதின் அவை. தொப்பிக்காரர் ‘ஃபரங்கி’ தூதர். 680-இல் நடந்த கதைக்குள் 19-ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட காஜார் மரபின் காலத்து உடுப்பு எப்படி வந்தது என்றால், ஓவியர் அறிந்த வெள்ளைக்காரன் அப்படித்தான் உடுத்தினான்!

கர்பலாவுக்குச் சம்பந்தமில்லாததும் கலந்திருக்கும். மானுக்குப் பிணை நின்ற, ஷியாக்களின் எட்டாவது இமாமான ரிஸா, ஹுசைனின் தந்தை அலீயை யாரென்று தெரியாமல் அவமதித்துவிட்டுப் பிறகு தன் கையையே வெட்டிக்கொண்ட கசாப்புக்காரர் ஜவான்மர்த். வரிசை தேடுகிறவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இவைதான்.

முச்சந்தி:
ஒரே அமர்வில் முடிப்பதா? முடித்துவிட்டால் நாளைக்கு யார் வருவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காட்சிதான்.

சீலையைச் சுவரில் தொங்கவிட்டு மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார். முதலில் இறைத்துதி, நபிபுகழ், கூட்டத்தை ஸலவாத்து (நபிமீது வாழ்த்து) சொல்ல வைப்பது. அதற்குள் ஆள் சேர்ந்துவிடும். பிறகு அன்றைக்குத் தேவையான இடத்தை மட்டும் திறப்பார். முழுவதையும் முன்னாலேயே திறந்தால் போச்சு: காது இங்கே இருக்கும், கண் நரகத்துப் பாம்பை மேய்ந்துகொண்டிருக்கும். தடியால் காட்டும்போதும் முகத்தை மறைக்கக் கூடாது, உருவத்தின் கீழே நுனியை வைக்க வேண்டும். நல்லவர்கள் பேச்சுக்கு ராகம், ஹுசைனைக் கொன்ற ஷிம்ர் மாதிரி ஆட்களுக்கு ராகமில்லாத அதட்டல். கர்பலாவை நடிக்கும் தஃஸியே நாடகத்தில் நடிகர்கள் பிரித்துக்கொள்ளும் இதை இங்கே ஒரே தொண்டை செய்கிறது.

முக்கியமான வித்தை ‘குரீஸ்’, அதாவது தப்பித்து ஓடுதல். எந்தக் கதையில் இருந்தாலும் ஒரு சொல்லைப் பிடித்துக் கர்பலாவுக்குத் தாவுவது. மான் தாகத்தில் தவிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனவர், ‘தாகம்’ என்ற சொல்லில் நிறுத்தி, ஹுசைன் கூட்டத்துக்குத் தண்ணீர் மறுக்கப்பட்ட யூப்ரடீஸ் கரைக்குப் போய்விடுவார். தாவல் சீக்கிரம் வந்தால் அழுகை வராது, இழுத்தால் கூட்டம் கலையும். காசு கேட்பதும் இதே கணக்குத்தான், வாள் ஓங்கிய இடத்தில் நிறுத்திவிட்டுத் தட்டு சுற்றும்.

நூல்கண்டு:
துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெரிய சீலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம் வரும். பருத்தித் துணியில் அடிப்பூச்சு, மேலே எண்ணெய் வண்ணம். ஊர் ஊராகச் சுருட்டித் தூக்கிப்போகும் பொருளுக்கு அடிப்பூச்சு தடிமனாக இருந்தால் வளையாது, வெடிக்கும். ஓரக்கண் படத்தில் ஒன்றுக்கொன்று இணையாகக் கோடுகள் தெரிந்தால் அது சுருட்டிய கழியின் வேலை. வண்ணப்பக்கம் உள்ளே போகும்படி இறுக்கிச் சுருட்டினால் பூச்சு நெருக்குண்டு செதில் செதிலாக எழும்பும். தடித்த உருளையில் வண்ணம் வெளியே இருக்கச் சுற்றுவதுதான் சரி.

முச்சந்தி சொன்னதில் ஒரு சேர்க்கை. பாரசீகக் காவியமான ஷாநாமேயின் கதை சொல்லும் நக்காலியும் படச்சீலை பயன்படுத்துவதுண்டு. யுனெஸ்கோ 2011-இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது நக்காலியை. தஃஸியே 2010, வேறு பட்டியல். இரண்டையும் குழப்பாதீர்கள். படம் யாருடையது என்று தேடுகிறீர்கள் என்றால் மூலையில் ‘ரகம்’ என்ற சொல்லைத் தொடர்ந்து கையெழுத்து இருக்கலாம். ஹுசைன் குல்லர் ஆகாஸி, முஹம்மத் முதப்பிர் இருவரும் காபிக்கடை ஓவிய மரபின் பெரிய கைகள்.

ஓரக்கண்:
கோடுகள் இருக்கின்றன, படுக்கைவாட்டில். கையெழுத்து இல்லை. இடது ஓரத்தில் கொதிக்கும் கொப்பரைக்குள் ஆட்கள், அதுதான் நரகமா?

சாயக்கிண்ணம்:
பக்கத்தில் பாம்போ வாய் பிளந்த பூதநாகமோ இருந்தால் நரகம். கொப்பரைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து உத்தரவு போடுகிறார், கொலையாளிகள் நிற்கிறார்கள் என்றால் அது ஹுசைனின் கொலைக்கு முக்தார் என்பவர் பழிவாங்கும் காட்சி, இந்த உலகத்தில் நடப்பது. உள்ளே கிடப்பவர்கள் பெயரைப் படித்துப் பாருங்கள், ஹர்மலா மறுபடி தட்டுப்படலாம்.