ஆய்வு மையம்: பல்கலைக்குள்ளேயா, தனிக் கம்பெனியாகவா?

நிலத்தடி:
சென்னையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். பழைய மாணவர்கள் 3 கோடி திரட்டி, நிலத்தடி நீர் ஆய்வு மையம் அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். 1 கோடி கருவிகளுக்கு, 2 கோடி வைப்புநிதி. சிண்டிகேட் (பல்கலையின் நிர்வாகக் குழு) தீர்மானத்தோடு பல்கலைக்குள்ளேயே வைப்பதா, கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவில் லாப நோக்கற்ற தனி நிறுவனமாகப் பதிவதா? நன்கொடையாளர்களில் பாதிப் பேர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள்.

வரப்புயர:
8-ஆம் பிரிவுதான், யோசிக்கவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் 424 கோடி வரி பாக்கி என்று சொல்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே தடுமாறிய நேரம் அது. அப்படி ஒரு நாளில் உங்கள் மையத்துக்குத் தனிக் கணக்கு எண் இருந்து என்ன பயன்? பான் எண் பல்கலையுடையதுதானே. மத்திய அரசு 2018-இல் 3,660 கோடியில் அறிவித்த சைபர்-இயற்பியல் (கணினியையும் இயந்திரங்களையும் இணைக்கும் தொழில்நுட்பம்) திட்டத்தைப் பாருங்கள். அதன் 25 மையங்களையும் 8-ஆம் பிரிவுக் கம்பெனிகளாகத்தான் பதியச் சொன்னார்கள். சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அதில் ஒன்று.

பேரேடு:
அந்த மையங்களுக்குப் பணம் தந்தது டெல்லி. இங்கே பாதிப் பணம் அமெரிக்கக் குடிமக்களுடையது. பிறந்தது மதுரையாக இருந்தாலும், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். (இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்து அனுப்புவது இதில் சேராது.) புதுக் கம்பெனிக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டுமென்றால் மூன்று ஆண்டு வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்திருக்கவும் வேண்டும். அதுவரை முன்அனுமதி கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சரி, பல்கலை வாங்கிக் கம்பெனிக்குக் கொடுக்கட்டும் என்பீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு அதையும் அடைத்துவிட்டது. வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்றவே கூடாது. சட்டமன்றச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு, எனவே நேரே வாங்கலாம்.

வரப்புயர:
விலக்கைப் பாதி மட்டும் சொல்கிறீர்கள். 2020 ஜனவரி அறிவிக்கையின்படி, சிஏஜியோ (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அதன் முகமையோ கட்டாயம் தணிக்கை செய்யும் அமைப்புக்குத்தான் அந்த விலக்கு. நம் மாநிலப் பல்கலைகளின் வழக்கமான தணிக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையிடம் இருக்கிறது. அது மாநில அரசுத் துறை.

பேரேடு:
நியாயமான கேள்வி. நிதி அலுவலரிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு டாலர்கூட வரவழைக்கக் கூடாது. அதற்காகக் கம்பெனி சுலபமாகிவிடாது. 2024 அக்டோபரில் ஆய்வு மானியங்களுக்கு வந்த ஜிஎஸ்டி விலக்கைப் பாருங்கள். அரசு அமைப்புகளுக்கும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட பல்கலைகள், ஆய்வுச் சங்கங்களுக்கும்தான் அது. நேற்றுப் பதிந்த கம்பெனி அந்தப் பட்டியலில் இருக்காது. கட்டணம் வாங்கிச் செய்யும் கலந்தாய்வுப் பணிக்கு யாராக இருந்தாலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு.

ஏரிக்கரை:
இரண்டு பேரும் வெளிக்கூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், உள்ளே இருக்கிற கணக்கைப் பார்க்கவில்லை. 2 கோடிக்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 14 லட்சம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000. சென்னை வாடகைப்படி 30 விழுக்காடு சேர்த்தால் 48,100. இரண்டு பேருக்கு ஆண்டுக்குப் பதினொன்றரை லட்சம் போய்விடும். மீதி இரண்டரை. 1 கோடிக் கருவிக்கு உத்தரவாதக் காலம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தம் விலையில் 5 விழுக்காடு என்று குறைவாகவே வைத்தாலும் 5 லட்சம். கருவியை இயக்குகிற தொழில்நுட்பருக்கு இதில் எங்கே சம்பளம்? நான்காம் ஆண்டு கருவிக்கு உறை போட்டு மூடிவிடுவார்கள். 60 லட்சத்துக்கு மட்டும் கருவி வாங்கி, மிச்சத்தை வைப்பில் சேருங்கள்.

வரப்புயர:
பல்கலைக்குள் மையம் பிழைத்ததாக ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பேரேடு:
ராமானுஜன் கணித நிறுவனம். அழகப்பச் செட்டியார் 1950-இல் சொந்தப் பணத்தில் தொடங்கினார். 1957-இல் அவர் மறைந்ததும் பணத்துக்கு வழியில்லை. விஞ்ஞானி சந்திரசேகர் நேருவிடம் பேசி, சென்னைப் பல்கலை எடுத்துக்கொண்டது. அதனால்தான் இன்றும் இருக்கிறது.

வரப்புயர:
1967-இல் யுஜிசி உயராய்வு மையமானபோது கணிதத் துறையோடு சேர்த்துவிட்டார்களே! பெயர் மிஞ்சியது, நடப்பது துறை.

ஏரிக்கரை:
துறையானதால்தான் நிரந்தரப் பணியிடங்கள் கிடைத்தன. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிலத்தடி, உள்ளேயே வைத்தால் தீர்மானத்தில் சில வரிகள் கட்டாயம் இருக்கட்டும். இயக்குநர் பதவிக்காலம் 3 ஆண்டு, ஒருமுறை மட்டும் நீட்டிப்பு. துறைத்தலைவரே பதவி வழியில் இயக்குநர் என்று எழுதிவிடாதீர்கள். சுழற்சியில் தலைவர் மாறும்போதெல்லாம் மையத்தின் ஆய்வுத் திசையும் மாறும். ஆலோசனைக் குழுவில் பாதிக்கு மேல் வெளியாட்கள். 5 லட்சம் வரை செலவு ஒப்புதல் இயக்குநரிடமே இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு பம்பு வாங்கவும் கோப்பு பதிவாளர் மேசைக்குப் போகும். துணைவேந்தர் பதவி காலியாக இருந்தால் யார் கையெழுத்து என்பதையும் எழுதுங்கள். சென்னைப் பல்கலையில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகம் பார்த்தது. ஐந்தாம் ஆண்டு வெளிக்குழு மதிப்பீடு. தேறாவிட்டால் மூடல், வைப்புநிதி எங்கே போகும் என்பதுவரை.

நிலத்தடி:
அந்த ஒப்புதல் வரம்பை நிதி அலுவலர் ஏற்பாரா?

பேரேடு:
நிதிக்குழுவில் முதலில் வைத்து, பிறகு சிண்டிகேட்டுக்குக் கொண்டுபோங்கள். நேரே சிண்டிகேட் போனால் அடுத்த ஆண்டு தணிக்கையில் ஆட்சேபம் வரும். இன்னொன்று: நாளை மத்திய அரசு மானியம் வந்தால் அதற்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதி 230(8)-இன்படி அதன் வட்டியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நன்கொடை வட்டியோடு கலந்துவிட்டால் மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுத முடியாது.

வரப்புயர:
நான் இன்னும் கம்பெனிப் பக்கம்தான். இந்தியப் பணத்தை மட்டும் வைத்துத் தொடங்கலாம், மற்றதற்கு மூன்று ஆண்டு பொறுக்கலாம்.

ஏரிக்கரை:
அப்படியே செய்தாலும் கருவி பில்லைப் பல்கலை பெயரில் போடச் சொல்லுங்கள். 8-ஆம் பிரிவுக் கம்பெனி கலைந்தால் மிஞ்சும் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு 8-ஆம் பிரிவுக் கம்பெனிக்குப் போகும், இல்லையேல் விற்றுப் பணம் திவால் சட்டத்தின்கீழ் உள்ள நிதியில் சேரும். பல்கலைக்குத் திரும்பாது.

வரப்புயர:
அது சரி. பில் பல்கலை பெயரில், கம்பெனிக்குப் பயன்பாட்டு ஒப்பந்தம். அதில் பராமரிப்பு யார் செலவு என்பதையும் எழுதிவிடுங்கள்.