சமையலறையில் விலங்குச் சித்திரங்கள்: ஆணி அடிக்காமல் எங்கே வைப்பது?

முருங்கை அணில் (தாம்பரம்) கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். எனக்கும் மகளுக்கும் இதுவே பிடித்திருக்கிறது. துவரம்பருப்பும் காய்ந்த மிளகாயும் வறுபடும் வாசனை வந்ததும் அவள் வீட்டுப்பாடத்தை மூடிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

குக்கர் விசில் வரும்வரை சும்மா நிற்க எனக்கு வராது. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் பேனாவால் வரைவேன். எல்லாமே விலங்குகள்தான். முருங்கைக்காயைத் துடுப்பாகப் போட்டுப் படகோட்டும் அணில், அப்பளத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் தவளை, ரசச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி. மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பாள். தவளையின் பெயர் கோவிந்தன்.

இப்போது அவையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. நான் சமைக்கும் இடத்திலேயே அவை என் கண்ணில் பட வேண்டும் என்று ஆசை. ஆனால் இது வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது. டேப் ஒட்டினால் பெயின்ட் உரிகிறது. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ், பக்கவாட்டில் கதவில்லாத கடப்பைக் கல் அலமாரி. தாளிக்கும் புகை வேறு. வழி இருந்தால் சொல்லுங்கள்.

கிளிப் மாமி (திருச்சி) பதில்:

ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரி வரை, அடுப்புக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு சணல் கயிறு கட்டுங்கள். துணி கிளிப்பில் மாட்டிவிடலாம். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்துகொண்டால் எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். நாட்காட்டித் தாள் மெல்லியது என்பதால் பின்னால் ஒரு அட்டை வைத்துக் கொடுங்கள். கோவிந்தனை முதலில் மாட்டுங்கள்!

ஓவிய ஆசிரியர், பணி ஓய்வு (கும்பகோணம்) பதில்:

அம்மா, தாளுக்கு மாமி வழி சொல்லிவிட்டார். நான் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். கடப்பைக் கல் அலமாரி இருக்கும்போது உங்களுக்குத் தாளே வேண்டியதில்லை. அந்தக் கறுப்புக்கு மாக்கோலம் போல எடுப்பது வேறொன்றும் இல்லை.

ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மையாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சிறிய வெள்ளைத் துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் அடக்கி, மெல்லப் பிழிந்தபடி மோதிர விரலால் கோட்டை இழுங்கள். ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு பளிச்சென்று எழும். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் ஒரு துடை, போய்விடும். டைல்ஸில் வேண்டாம், அந்த வழவழப்பில் மாவு ஒட்டாமல் உரிந்துவிடும். மண் அடுப்பை மெழுகியதும் அதன்மேல் கோலம் போட்ட பிறகுதான் என் அம்மா பற்றவைப்பார். சமைக்கும் இடத்தில் சித்திரம் வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதில்லை.

உங்கள் அணிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் தொலைவில்லை. மகளை அழைத்துக்கொண்டு போய் அங்குள்ள பெரிய பாறைச் சிற்பத்தில் பூனையைத் தேடச் சொல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அது அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கும் காட்சியா என்று அறிஞர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். தேவர்களும் நாகர்களும் முழு அளவு யானைகளும் நிறைந்த அந்தப் பாறையில், யானையின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே தவசி கைகளை உயர்த்தி நிற்பதையும் பூனை நிற்பதையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தாராசுரம். இரண்டாம் இராசராசன் கட்டிய கோயில். அங்கே ஒரே தலையைக் காளையும் யானையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் உண்டு. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. மாணவர்களை ஆண்டுதோறும் அங்கே கூட்டிப்போவேன்; கையை எடுத்து எடுத்து மறைத்துப் பார்ப்பார்கள், அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

அந்தப் பூனை நம்மைச் சிரிக்க வைப்பதற்குக் காரணம், அதன் நிலை அவ்வளவு சரியாக இருப்பதுதான். முதுகு நிமிர்ந்த விதம், வயிறு, கால் எல்லாம் பூனை. அதனால்தான் தவம் நம்பும்படி இருக்கிறது. அணில் எதையும் இரண்டு முன்கைகளாலும் சேர்த்துப் பிடிக்கும். துடுப்பையும் அப்படியே பிடிக்கட்டும். வால் முதுகோடு ஒட்டி மேலே வளையட்டும். ஜன்னலில் வந்து உட்காரும் அணிலைப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

உடலுக்குள் என்ன நிரப்புவது என்று யோசித்தால், கோண்டுப் பழங்குடி ஓவியர்களைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கட் என்ற கிராமம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான ஜன்கட் சிங் ஷியாம், வீட்டு மண்சுவரில் வரைந்துகொண்டிருந்தவர். 1980களில் போபாலில் உள்ள பாரத் பவன் என்ற கலை மையத்துக்குச் சென்று தாளிலும் துணியிலும் வரைந்தார். மான், புலி, பறவை எதுவானாலும் உள்ளே புள்ளிகளும் சிறு கோடுகளுமாக நெளியும். அந்த மரபில் ஒவ்வோர் ஓவியருக்கும் தனக்கென ஒரு நிரப்பு முறை உண்டு. கையெழுத்தைப் போல அதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். உங்களுக்கு உங்கள் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. தவளைக்குக் கடுகுப் புள்ளி, அணிலின் வாலுக்குச் சீரகக் கோடு, ஒட்டகச்சிவிங்கிக்கு உடைத்த துவரம்பருப்பு. வேறு யாரிடமும் இருக்காத நிரப்பு அது.

தோசைக்கல் (திண்டுக்கல்) பதில்:

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்ததும் தாராசுரம் போக வேண்டும் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: தோசைக்கல்லிலும் வரையலாம். மாவு ஓடக் கூடாது, கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். கல்லை மிதமாகக் காயவைத்து, சிறு கரண்டியால் வெளிக்கோட்டையும் கண்ணையும் மட்டும் முதலில் ஊற்றுங்கள். அது சிவந்த பிறகு உள்ளே மாவை நிரப்புங்கள். திருப்பிப் போட்டால் கோடு மட்டும் கருஞ்சிவப்பாக நிற்கும். திருப்பும்போது இடம் வலமாகும் என்பதை மனதில் வையுங்கள். துதிக்கையைத் தடிமனாக ஊற்றாவிட்டால் ஒடிந்துவிடும். என் பேரனுக்கு யானை தோசை என்றால் காதிலிருந்துதான் ஆரம்பிப்பான். தொட்டுக்கொள்ள வெறும் பூண்டு மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். அதுவே போதும்.

முருங்கை அணில் மறுபடி:

எல்லோருக்கும் நன்றி. மாமி, கயிறு கட்டிவிட்டேன். கோவிந்தன் முதல் கிளிப்பில் இருக்கிறான். ஐயா, நேற்று ரசம் கொதிக்கும் நேரத்தில் நடுத்தட்டின் விளிம்பில் மாவால் அணில் வரைந்தேன். வால் நிறைய சீரகக் கோடு. காய்ந்து வெள்ளை எழுவதைப் பார்க்க மகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே சந்தேகம்: பச்சரிசி மாவுக்கு எறும்பு வருமே? அலமாரியில் சர்க்கரை டப்பா இருக்கிறது.

ஓவிய ஆசிரியர் பதில்:

வரும். வாசல் கோலத்தில் வரட்டும் என்றுதானே அரிசி மாவில் போடுகிறோம். சர்க்கரை இருக்கும் தட்டில் மட்டும் மாவுக்குப் பதிலாகச் சாக்பீஸ் பயன்படுத்துங்கள். முனையைத் தண்ணீரில் நனைத்து வரைந்தால் கோடு அழுத்தமாக விழும். விளிம்பில் இடம் குறுகல் என்பதால் அங்கே ஓணான், கீரி, முதலை என்று நீளமானவையாக வரையுங்கள்.