ஸ்டூல் ரிப்போட் எப்ப வரும்?

குழு: மல்லாவி அயலவர்

சிவா: தங்கச்சியின்ர மகனுக்கு வயித்தோட்டம், சளியோட கொஞ்சம் இரத்தமும் போகுது. வயசு மூண்டு. டொக்டர் மலம் சோதிக்க எழுதித் தந்திருக்கிறார். காலையில குடுத்தா பின்னேரம் ரிப்போட் எடுக்கலாமோ?

லாப் அண்ணை: துண்டில என்ன எழுதியிருக்கு? ஃபுல் ரிப்போட்டோ, கல்ச்சரோ?

சிவா: ரெண்டும் இருக்கு. கீழ ஏ.பி.எஸ்.ரி. எண்டும் கிடக்கு.

லாப் அண்ணை: அப்ப ரெண்டு ரிப்போட், வேற வேற நாளில வரும். ஃபுல் ரிப்போட் நுணுக்குக்காட்டியில பாக்கிறது. கண்ணாடித்தட்டில ஒரு துளி சேலைன், ஒரு துளி அயடின், அதில மலத்தைக் கரைச்சுச் சீழ்க்கலம், செங்குழியம், பூச்சிமுட்டை, அமீபா தேடுவினம். வேலை கொஞ்ச நேரம்தான். சனம் கூடினாலும் அநேகமா அண்டைக்கே கிடைக்கும்.

லாப் அண்ணை: கல்ச்சருக்குக் கிருமி வளர வேணும். தட்டில பூசி 37 பாகையில வைச்சா 18 - 24 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ஏதும் கண்ணுக்குத் தெரியும். சந்தேகமானதைப் பிரிச்சு, சல்மொனெல்லாவோ சிகெல்லாவோ எண்டு உறுதிப்படுத்த இன்னொரு நாள். எந்த மருந்துக்கு அடங்கும் எண்டு பாக்கிறதுதான் ஏ.பி.எஸ்.ரி., அதுக்கும் ஒரு இரவு. மூண்டு நாலு நாள் எண்டு வையுங்கோ. நடுவில ஞாயிறோ போயா (பூரணை) லீவோ வந்தா நீளும்.

கலா அக்கா: பிரைவேட்டில காசு கட்டினா கெதியா வராதோ?

லாப் அண்ணை: கிருமிக்குக் காசு தெரியாது அக்கா 😀 சின்ன ரவுணில கன இடங்கள் சாம்பிள் வாங்கி அனுப்பிற இடம் மட்டும்தான். வண்டி எத்தினை மணிக்கு எடுக்க வருகுதெண்டு முதலே கேளுங்கோ. வண்டி போனாப் பிறகு குடுத்தா ஒரு நாள் அவம்.

மிஸ்ஸி (ஆஸ்பத்திரித் தாதி): நாள் இழுபடுறதுக்குப் பெரிய காரணம் சாம்பிள் பிழைச்சுத் திருப்பி எடுக்கிறதுதான். போத்திலை லாபிலயே வாங்குங்கோ. வீட்டு ஜாம் போத்தில் வேண்டாம், சவர்க்காரம் ஒட்டியிருக்கும். கொமட்டில விழுந்ததை அள்ள வேண்டாம். சலம் (மூத்திரம்), டெற்றோல், ஹார்பிக் ஒண்டும் சேரக்கூடாது, அமீபா செத்துப்போகும். பிள்ளைக்குப் பம்பஸ் கட்டினா உள்ளுக்குப் பொலித்தீன் விரியுங்கோ, இல்லாட்டி ஈரத்தை அது உறிஞ்சிப்போடும்.

சிவா: எவ்வளவு வேணும் மிஸ்ஸி?

மிஸ்ஸி: கட்டியெண்டா பெருவிரல் நுனியளவு. தண்ணியாப் போனா ரெண்டு தேக்கரண்டி. சளியும் இரத்தமும் இருக்கிற பக்கத்தை எடுங்கோ, கிருமி அதிலதான் கூட. போத்திலை நிரப்பாதேங்கோ, வெயிலுக்குள்ள வாயு பிடிச்சு மூடி கழண்டிரும்.

லாப் அண்ணை: நேரம்தான் எங்கட பக்கத்துச் சிக்கல். தண்ணியாப் போன மலத்தை அரை மணித்தியாலத்துக்குள்ள பாக்க வேணும். ஆறினா அமீபாவின்ர அசைவு நிண்டிரும், பிறகு சீழ்க்கலத்தில இருந்து பிரிச்சறியிறது கஷ்டம். பஸ் ஏறிக் கிளிநொச்சி போகேக்க அந்த நேரம் வழியிலயே முடிஞ்சிரும். பிள்ளையைக் கொண்டுபோய் அங்கயே இருத்தி எடுக்கிறதுதான் திறம்.

கலா அக்கா: பிறிஜ்ஜில வைச்சு அடுத்த நாள் கொண்டு போனா?

லாப் அண்ணை: வேண்டாம். அமீபாவும் பிழைக்காது, சிகெல்லாவும் கெதியாச் செத்துப்போகும். கல்ச்சருக்கு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள லாபுக்குப் போக வேணும். ஏலாதெண்டா கிருமி சாகாம வைச்சிருக்கிற கேரி-பிளேயர் ஊடகம் போட்ட குழாய் இருக்கோ எண்டு கேளுங்கோ. அதில தோய்ச்சு வைச்சா தாங்கும்.

பாமசி தம்பி: கல்ச்சர் எழுதியிருந்தா அன்ரிபயோட்டிக் முதல் டோசுக்கு முன்னம் சாம்பிளை எடுங்கோ. சிப்ரோ மாதிரி மருந்து உள்ள போன பிறகு எடுத்தா கிருமி இருந்தும் வளராமப் போகலாம். ஏற்கெனவே குடுத்திட்டா மருந்தின்ர பேரைத் துண்டில எழுதுவியுங்கோ. ஆனா டொக்டர் இப்பவே தொடங்கச் சொன்னா ரிப்போட்டுக்காக மருந்தை மறிக்க வேண்டாம்.

ராசாத்தி மாமி: தம்பிமார், இவருக்குக் கண்ணுக்குத் தெரியாம மலத்தில மறைஞ்ச இரத்தம் பாக்க மூண்டு நாள் மலம் கேக்கினம். ஏன் மூண்டு?

லாப் அண்ணை: மாமி, இரத்தம் ஒவ்வொரு நாளும் கசியாது, ஒரு நாள் தப்பினா மற்ற நாள் பிடிபடும். சோதனை சில நிமிசம்தான். பழைய குவையாக் முறையெண்டா மூண்டு நாளுக்கு முந்தியே ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, விற்றமின் சி குளிசை நிப்பாட்ட வேணும். புது முறைக்குச் சாப்பாட்டுப் பத்தியம் இல்லை. எது செய்யினம் எண்டு கேளுங்கோ. பூச்சிமுட்டைக்கும் இதே கணக்குத்தான். ஒருக்கா இல்லையெண்டு வந்தா இல்லை எண்டு முடிவெடுக்கேலாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூண்டு சாம்பிள் குடுங்கோ.

மிஸ்ஸி: சிவா, கல்ச்சர் வருமட்டும் வீட்டில பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. ஜீவனியை (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புத்தூள்) பைக்கற்றில போட்ட அளவு கொதிச்சாறின தண்ணியில கரைச்சுக் குடுங்கோ, 24 மணித்தியாலத்தில மிச்சத்தை ஊத்திப்போடுங்கோ. கண் குழி விழுந்தா, ஆறு மணித்தியாலமாச் சலம் போகாட்டி, பிள்ளை சோர்ந்து படுத்தா உடன ஆஸ்பத்திரி.

சிவா: இப்ப விளையாடுறான், சலமும் போனவன். நாளைக்கு ஆறரைக்குக் கொண்டு போறம். போத்தில் அங்க வாங்கிறம்.

லாப் அண்ணை: போத்திலில பேர், வயசு, எடுத்த நேரம் எழுதுவியுங்கோ. அவை தாற நம்பர்த் துண்டைப் படம் எடுத்து வையுங்கோ, அது இல்லாட்டி ரிப்போட் தேடுறதே ஒரு வேலையாப் போகும்.