தகுதியா, முன்தேவையா, முன்பாடமா? புவி அறிவியல் கையேட்டுக்கு ஒரு சொல்

அனுப்புநர்: வேதியியல் ஆசிரியர், காட்பாடி
பொருள்: ‘ப்ரீரெக்விசிட்’டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் புவி அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பு பற்றிச் சிறு கையேடு ஒன்றைத் தயாரித்து வருகிறோம். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எவற்றை முடித்தால் பட்டம் என்பதெல்லாம் அதில் வரும். நம் ஊர்ப் பாடத்திட்டத்தோடு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் என்ன கேட்கின்றன என்பதற்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். சிக்கல் அந்தப் பக்கங்களில்தான். அவர்களுடைய பட்டியலில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் ‘ப்ரீரெக்விசிட்’ என்று, அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி இருக்கிறது. பாறையியலுக்குக் கனிமவியல், புவி இயற்பியலுக்கு நுண்கணிதமும் இயற்பியலும் என்று அது நீள்கிறது. எங்கள் கைக்கு வந்த முதல் வரைவில் அதைத் ‘தகுதி’ என்று போட்டிருந்தார்கள்.

வரைவை வகுப்பில் சிலரிடம் படிக்கக் கொடுத்தேன். கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவி ஒருத்தி, ‘புவி இயற்பியல். தகுதி: நுண்கணிதம்’ என்ற வரியைக் கண்டதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “எனக்குத் தகுதி இல்லை, சார்” என்றாள். அந்த நுண்கணிதத்தை அதே பல்கலைக்கழகம் முதலாண்டிலேயே நடத்துகிறது என்பது அந்த வரியில் எங்கேயும் தெரியவில்லை.

‘முன்தகுதி’, ‘முன்நிபந்தனை’, ‘முன்தேவை’ என்று மூன்று சொற்கள் கையில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

———

அனுப்புநர்: ஓய்வுபெற்ற நிலவியலாளர், சத்துவாச்சாரி
பொருள்: மறு: ‘ப்ரீரெக்விசிட்’டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தகுதி’யை முதலில் அடித்துவிடுங்கள். ‘முன்தகுதி’ அதற்குத் தம்பி. அதையும் சேர்த்து அடியுங்கள்.

பட்டப்படிப்பு விதிகளில் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. படிப்பில் சேர என்ன வேண்டும்? பட்டம் வாங்க என்னென்ன முடித்திருக்க வேண்டும்? ஒரு குறிப்பிட்ட பாடத்தில் உட்கார, அதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும்? முதல் கேள்விக்கான விடை பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு முடிந்துபோகும். மூன்றாவதன் விடை கல்லூரிக்குள் வந்த பிறகு மாணவரே சம்பாதித்துக்கொள்வது. தமிழில் ‘தகுதி’ என்று சொன்னால் அது ஒருவரிடம் இருக்கும், அல்லது இருக்காது. கனிமவியல் அப்படிப்பட்டதல்ல. ஒரு பருவம் உட்கார்ந்து படித்தால் கைக்கு வந்துவிடும். ஆகவே சொல்லின் தலைப்பகுதியில் ‘பாடம்’ இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. என் பரிந்துரை: முன்பாடம்.

நம் கல்லூரிகளில் இதற்கு ஒரு சொல் இதுவரை தேவைப்படவில்லை. பாடங்கள் பருவத்துக்குப் பருவம் வரிசையாக வந்துகொண்டிருக்கும். மாணவர் தேர்ந்தெடுப்பதற்கு அதிகம் இருக்காது. கனிமவியலில் அரியர் வைத்திருப்பவரும் அடுத்த பருவத்தில் பாறையியல் வகுப்பில் உட்காருவார். ‘இதை முடிக்காமல் அதைத் தொட முடியாது’ என்ற விதியே இல்லாத இடத்தில் அந்த விதிக்குப் பெயர் எங்கிருந்து வரும்? இப்போது நிலைமை மாறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 என்று வகுத்திருக்கிறார்கள். பாடங்களுக்கு எண் அடுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதில் 0 முதல் 99 வரையிலான எண்கள் யாருக்கு என்று பாருங்கள்: அறிமுகப் பாடத்துக்குள் நுழையுமுன் குறையை ஈடுகட்டிக்கொள்ளும் ‘ப்ரீரெக்விசிட்’ பாடங்களுக்கு. கிரெடிட் கிடையாது, தேர்ச்சி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அவர்களே அதைப் பாடம் என்றுதான் எண்ணுகிறார்கள். நாம் மட்டும் ஏன் தகுதி என்று பயமுறுத்த வேண்டும்?

முன்பாடம் ஏன் உண்மையிலேயே முன்னால் வர வேண்டும் என்பதற்கு நம் ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வேலூரில் யாரைக் கேட்டாலும் மலையில் இருப்பது கருங்கல். வீட்டு அஸ்திவாரத்துக்குப் போடுவதும் கருங்கல், பளபளவென்று மெருகேற்றி ஏற்றுமதிக்குப் போவதும் கருங்கல். ஆனால் பழைய வட ஆற்காட்டு நிலத்தில் அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று பாறைகள் இருக்கின்றன. வெளிர், கரும் பட்டைகள் மாறி மாறி ஓடும் நைஸ் ஒன்று. எண்ணெய் தடவியதுபோல் மங்கிய நீலச் சாயலோடு இருக்கும் சார்னோகைட் இன்னொன்று. மற்றப் பாறைகளைக் கிழித்துக்கொண்டு சுவர்போல் நிற்கும் டோலரைட் மூன்றாவது. கனிமவியல் படிக்காத மாணவரைப் பாறையியல் ஆய்வகத்தில் விட்டால் மூன்றுக்கும் கருங்கல் என்றே எழுதுவார். படித்தவர், கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த சீவலை முனைவாக்க நுண்ணோக்கியின் கீழ் வைத்து மேடையைச் சுழற்றுவார். இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு நிறம் மாறும் கனிமம் ஒன்று கண்ணில் படும். அது ஹைப்பர்ஸ்தீன். குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் உடன் இருந்தால் சார்னோகைட் என்று சொல்லிவிடலாம். (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. கல்லறையிலிருந்து பெயர் பெற்ற பாறை உலகில் வேறு உண்டோ என்னவோ.) நிறம் மாறுவதை எதிர்பார்த்துச் சுழற்றத் தெரிவதுதான் முன்பாடம் கொடுப்பது. அதற்குத் தகுதி என்று பெயர் வைப்பது அநியாயம்.

உங்கள் மாணவியிடம் நுண்கணிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூர்ப் பக்கம் நிலம் அதிர்ந்தது, அளவு 3.6. அதுவே 4.6 ஆக இருந்திருந்தால் அலையின் வீச்சு பத்து மடங்கு, வெளிப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆர்வம் வந்துவிட்டால் மடக்கையும் வகைக்கெழுவும் தானே பின்னால் வரும். வேதியியலும் அப்படித்தான். ராணிப்பேட்டை நிலத்தடி நீரில் கலந்த குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டதா, ஆறு இணைதிறன் கொண்டதா என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது. அது உங்கள் பாடம்; நீர் நிலவியலுக்கு முன்பாடமாக அதை ஏன் கேட்கிறார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

———

அனுப்புநர்: தமிழ் விரிவுரையாளர், ஆரணி
பொருள்: மறு: மறு: ‘ப்ரீரெக்விசிட்’டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

ஐயா, வணக்கம்.

‘தகுதி’ வேண்டாம் என்பதில் உங்களோடு இருக்கிறேன். ‘முன்பாடம்’ பற்றி மூன்று தடைகளைச் சொல்ல வேண்டும்.

புணர்ச்சி முதலில். முற்பகல், முற்பிறப்பு, முற்போக்கு என்று வழங்குவதைப் பார்த்தால் ‘முற்பாடம்’ என்றல்லவா வர வேண்டும்? ஆனால் முன்பணம், முன்பதிவு என்று மக்கள் திரியாமலும் சொல்கிறார்கள். இதில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். புதுச் சொல் பிரித்துப் பார்த்தவுடன் விளங்குவது நல்லது.

இரண்டாவது, ‘பாடம்’ என்ற சொல்லே வழுக்குகிறது. பள்ளியில் மூன்றாம் பாடம் என்றால் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம். முன்பாடம் என்று கேட்ட பிள்ளை, போன வாரம் நடத்திய பாடம் என்று நினைத்துக்கொள்ளும். கல்லூரியில் அதையே ‘தாள்’ என்கிறோம். ‘முன்தாள்’ என்று வைத்தால் வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதுபோல் இருக்கும், அதுவும் ஆகாது.

மூன்றாவது தடைதான் பெரியது. அந்த வரியில் வருவதெல்லாம் பாடங்கள்தானா? ‘60 கிரெடிட் முடித்திருக்க வேண்டும்’, ‘ஆசிரியரின் இசைவு பெற வேண்டும்’ என்றும் வருமே. அவற்றை முன்பாடம் என்று எப்படிச் சொல்வது? ‘முன்தேவை’ எல்லாவற்றையும் அடக்கும். ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வார்ப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

‘முன்நிபந்தனை’ பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது வாடகை ஒப்பந்தத்தில் நன்றாக இருக்கும்.

———

அனுப்புநர்: முதுநிலை நிலவியல் மாணவர், திருப்பத்தூர்
பொருள்: மறு: மறு: மறு: ‘ப்ரீரெக்விசிட்’டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் ‘கோரெக்விசிட்’ என்று இன்னொரு வரியும் உண்டு. ஒரே பருவத்தில் கூடவே எடுக்க வேண்டிய பாடம் அது. கையேட்டில் அதற்கும் சொல் தேவைப்படும். ‘இணைப்பாடம்’ என்று வைக்க முடியாது. பள்ளிகளில் விளையாட்டு, ஓவியம் போன்றவற்றைப் பாட இணைச் செயல்பாடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘உடன்பாடம்’ சரிவருமா? ஐயா சொன்ன ‘முன்பாடம்’ இதனோடு நன்றாக ஜோடி சேருகிறது. ‘முன்தேவை’ எடுத்தால் ‘உடன்தேவை’ என்று வைக்க வேண்டும். அது உடனே தேவை என்பதுபோல் ஒலிக்கிறது.

எங்கள் ஊருக்கு அருகே உள்ள சேவாத்தூரில் வெர்மிகுலைட் என்ற கனிமத்துக்கான சுரங்கம் இருக்கிறது. அங்கே கார்பனடைட் பாறை உண்டு. அதில் கால்சைட் மிகுந்த துண்டின் மீது நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்புக்கல்லைப் போலவே நுரைத்து எழும். பார்க்கிறவர் கடலடியில் படிந்த கல் என்றே முடிவு கட்டுவார். ஆனால் அது பாறைக்குழம்பிலிருந்து பிறந்தது. பக்கத்தில் சையனைட் (syenite) என்ற இன்னொரு குழம்புப் பாறை நிற்பதையும், அபடைட், பைரோகுளோர் போன்ற கனிமங்கள் கூட வருவதையும் பார்த்தால்தான் கதை புரியும். பாறையியலும் புவி வேதியியலும் முடிக்காமல் அங்கே களப்பயணம் போனால் கைநிறையக் கல்தான் மிஞ்சும். வெளிநாட்டுப் பட்டியல்களில் களமுகாமின் கீழ் மட்டும் முன்பாடங்கள் நாலைந்து வரிசையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே அது பெரும்பாலும் கோடையில் சில வாரங்கள் தொடர்ந்து நடக்கும். திசைகாட்டியும் வரைபடமும் கையில் கொடுத்து மலையில் விட்டுவிடுவார்கள்.

———

அனுப்புநர்: ஓய்வுபெற்ற நிலவியலாளர், சத்துவாச்சாரி
பொருள்: மறு: முன்பாடம், உடன்பாடம்

அம்மா எழுப்பிய மூன்றாவது தடைக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். முதலிரண்டு பெரிதல்ல. ‘பாறையியல். முன்பாடம்: கனிமவியல்’ என்று அச்சில் பார்க்கும் யாரும் போன வாரப் பாடத்தை நினைக்கப்போவதில்லை.

கிரெடிட் எண்ணிக்கையையும் ஆசிரியர் இசைவையும் முன்பாடம் என்று சொல்ல முடியாது என்பது சரி. அதனால் இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பொதுப்பெயர் முன்தேவை. அதற்குள், படித்து முடிக்க வேண்டியது பாடமாக இருந்தால் முன்பாடம். கையேட்டில் பத்துக்கு ஒன்பது இடங்களில் வரப்போவது பாடம்தான். அந்த இடங்களில் பொதுப்பெயரைப் போட்டு மங்கலாக்க வேண்டாம். ‘தேவை’ என்று சொன்னால் பிள்ளை, ‘என்னிடம் இல்லை’ என்று நின்றுவிடும். ‘பாடம்’ என்றால், ‘எந்தப் பருவத்தில் நடத்துகிறார்கள்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்கும். இவ்வளவு வேலை செய்யும் சொல்லை, இருக்கிற சொல் போதும் என்று விட முடியுமா, அம்மா?

திருப்பத்தூர்த் தம்பியின் உடன்பாடத்தை ஏற்கிறேன். ‘உடன்பாடு’ என்று அச்சுக்கோப்பவர் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

களமுகாம் பற்றி ஒன்று. வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சில் ‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு’ என்று வரும். நிலவியல் மாணவருக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. மொட்டைப் பாறையில் பட்டைகள் எந்தத் திசைக்கு ஓடுகின்றன, எத்தனை பாகை சாய்கின்றன என்று வெயிலைத் தவிர வேறு தடையில்லாமல் அளக்கலாம். பாலாற்று மணலில் பள்ளம் தோண்டிக் குறுக்குப் படுகைகளை, அதாவது சாய்வாகப் படிந்த மணல் அடுக்குகளை, பார்த்தால், வெள்ளம் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். பணம் கட்டி வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தப் படிப்பு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

———

அனுப்புநர்: தமிழ் விரிவுரையாளர், ஆரணி
பொருள்: மறு: முன்பாடம், உடன்பாடம்

ஐயா, முன்தேவைக்குள் முன்பாடம் என்ற ஏற்பாட்டுக்கு இசைகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: பட்டம் பெற முடிக்க வேண்டியவற்றுக்கு இந்த இரண்டையும் பயன்படுத்த வேண்டாம். அவை ‘கட்டாயப் பாடங்கள்’. கனிமவியல் கட்டாயப் பாடமாகவும் இருக்கலாம், பாறையியலுக்கு முன்பாடமாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு என்பது கையேட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

———

அனுப்புநர்: வேதியியல் ஆசிரியர், காட்பாடி
பொருள்: மறு: முன்பாடம், உடன்பாடம்

அனைவருக்கும் நன்றி. ‘தகுதி’ இனி ‘சேர்க்கைத் தகுதி’ என்ற ஒரே இடத்தில்தான் வரும். மற்ற இடங்களை இப்படி மாற்றியிருக்கிறோம்:

பாறையியல். கட்டாயப் பாடம். முன்பாடம்: கனிமவியல். உடன்பாடம்: பாறையியல் ஆய்வகம்.

புவி இயற்பியல். விருப்பப் பாடம். முன்பாடம்: நுண்கணிதம் (முதலாண்டில் நடத்தப்படும்), பொது இயற்பியல்.

களமுகாம். கட்டாயப் பாடம். முன்பாடம்: பாறையியல், படிவியல், கட்டமைப்பு நிலவியல். பிற முன்தேவை: ஆசிரியர் இசைவு.

நுண்கணிதத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் குறிப்பை எல்லா முன்பாடங்களுக்கும் சேர்க்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். எந்தப் பருவத்தில் அந்தப் பாடம் கிடைக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். இடம் கொஞ்சம் கூடும். ஆனாலும் சேர்த்துவிடுவோம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.